கயிறு பிடித்தவன்

டீயைச் சூடு ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும் எனக்கு. ஆறினால் தொண்டையில் இறங்காது. அதில் என்ன தப்பு இருக்கிறது, ஐயா?

நானும் தம்பியும் ரசாயனத் தொட்டி கழுவுகிறவர்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவன் இறங்குவான். நான் மேலே நின்று பிடிப்பேன். ஒரு தரம் இழுத்தால் கயிற்றை இன்னும் விடு. இரண்டு தரம் இழுத்தால் என்னைத் தூக்கு. கயிறு கையில்தான் இருக்க வேண்டும், எதிலும் கட்டக் கூடாது.

அன்றைக்குக் கம்பியில் கட்டிவிட்டுப் போனேன். இறங்கும்போதே அவன் கிண்டல் செய்தான்: "டீ வாசனை அடிச்சா உன் கை தானா நழுவிடும்ணே. என்னை மறந்துடாத."

திரும்பி வந்தால் நெடி கண்ணைக் கரித்தது. கம்பியில் கயிறு இழுபட்ட தடம். எத்தனை தரம் இழுத்தானோ. தூக்கினேன். கயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில், நுரையீரல் வெந்துபோனவனுக்காக ஒரு மெஷின் மூச்சு விட்டது. காற்று குறைந்தால் அதுவே கூட்டும், நெஞ்சு இறுகினால் அதுவே தணிக்கும். யாரும் தொட வேண்டியதில்லை. அது டீ குடிக்கப் போகாது.

நர்ஸம்மா சிரித்த முகத்தோடு வந்தார். "தேறிட்டாருங்க. பாதி மூச்சு அவரே விடறார். நாளைக்குக் குழாயை எடுத்துடுவோம். அப்புறம் அண்ணனும் தம்பியும் ஆசை தீரப் பேசுங்க."

பேசுவான். பக்கத்தில் அம்மா இருப்பாள்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் தம்பி கண்ணைத் திறந்தான். என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தான். மறுபடியும் இழுத்தான்.

பட்ட பாடு போதும், என்னை விட்டுவிடு என்கிறான். கூடப் பிறந்தவன் மனசு எனக்குத் தெரியாதா? குழாயைக் கழற்றினேன். மெஷின் கத்தியது. நர்ஸம்மா வழக்கமாக அழுத்துகிற பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்தேன். அப்போதும் அது ஓயவில்லை. அவனுக்கான காற்றை என் முகத்தில் ஊதிக்கொண்டே இருந்தது. பிறகு குழாயைத் திரும்ப மாட்டினேன். நெஞ்சு பழையபடி ஏறி இறங்கியது. அவன்தான் இல்லை.

அவன் கேட்டதைத்தான் செய்தேன். கழற்றிய பிறகும் விரலை இழுத்துக்கொண்டே இருந்தான், இரண்டிரண்டு தரமாக. இந்தத் தடவை நான் எங்கும் போகவில்லை, ஐயா. கடைசிவரை கையை விடவே இல்லை.