பூட்டு பூட்டியபடியே கேட் திறந்த விவரம்

என் பெயர் யமுனா, வயது 41, கணவர் பெயர் முனிசாமி. சித்தூர் மாவட்டம் கங்காதர நெல்லூரில் குடியிருந்துகொண்டு மாந்தோப்புகளில் கூலி வேலை செய்து வருகிறேன். எதிர்வீட்டு சுரேஷ்பாபு, தன் வீட்டு இரும்பு கேட்டை யாரோ பெயர்த்துவிட்டதாகவும், நிறைமாத மனைவி உதயாவைக் காணவில்லை என்றும் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்க, நான் சொல்வதாவது:

நேற்றுக் காலை குழி தோண்டும் வேலைக்குக் கடப்பாரையுடன் நான் கிளம்பியபோது, உதயா உள்ளே இருந்தபடி கேட்டைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, வலி எடுத்துக்கினு கீது, அவரு வெளிய பூட்டிக்கினு போய்ட்டாரு" என்று அழுதாள். பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தவளை, முதல் பஸ்ஸில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்து, சுகப்பிரசவ வேண்டுதலுக்காக அலிபிரியிலிருந்து திருப்பதி மலையேறப் போய்விட்டார் இந்தப் புத்திசாலி. போனையும் எடுக்கவில்லை.

பூட்டைச் சுத்தியலால் அடித்ததில் என் கைதான் வலித்தது. அதன் பிறகு, கேட் இரண்டு கீல் முளைகளில் சும்மா உட்கார்ந்திருப்பதைக் கவனித்து, அடியில் கடப்பாரையைச் செருகி, அதன் நடுப்பாகத்துக்குக் கீழே அம்மிக் குழவியை முட்டுக்கொடுத்து அமுக்கினேன். கேட் அசையவில்லை. கடப்பாரையில் நான் தொங்கியதைப் பார்த்து உதயா அந்த வலியிலும் சிரித்தாள். அதன் பிறகு குழவியைக் கேட்டுக்கு ஒட்டினாற்போலத் தள்ளி வைத்து, நானும் பக்கத்து வீட்டு ரத்தினம்மாவும் கடப்பாரையின் மறுநுனியில் உட்கார, கேட் முறம்போல லேசாக எழும்பி முளையைவிட்டுக் கழன்றது. பூட்டு பூட்டியபடியே இருக்க, கீல் பக்கமாக வழி திறந்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அதன் பிறகு ஆட்டோவில் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அவசரத்தில் உதயா தன் போனை வீட்டிலேயே விட்டுவிட்டாள். நானும் கூடவே வந்த ரத்தினம்மாவும் அங்கேயே தங்கிவிட்டதால், ஊர் திரும்பிய சுரேஷ்பாபுவுக்கு விவரம் சொல்ல ஆளில்லை. கேட்டருகே விட்டுப்போன கடப்பாரையை எடுக்க இன்று வந்த என்னை, கடப்பாரையும் கையுமாகப் போலீசார் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள்.

இங்கே மொட்டைத் தலையோடு அழுதுகொண்டிருந்த சுரேஷ்பாபுவிடம், "தம்பி, உனுக்குப் பொண்ணு பொறந்துகீது, ரெண்டு பேரும் நல்லா கீறாங்க" என்றேன். உடனே கையிலிருந்த திருப்பதி லட்டுப் பையை மேசைமேல் போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டார். அந்த அவசரத்தில் புகாரை வாபஸ் வாங்கவில்லை.

கேட்டைக் கழற்றியது நான்தான். அந்தப் பையிலிருந்து ஒரு லட்டை நானும், ஒன்றை இதை எழுதும் ஏட்டையாவும் சாப்பிட்டோம். எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். லட்டு உட்பட எல்லாம் உண்மை.

(ஒப்பம்) யமுனா