எலிஹியோ தவறவிட்ட பந்து

விழாவின் தலைமைப் பீடத்தை அணி செய்யும் மேயர் தோன்யா இரேனே அவர்களே! அசுவா நகரத்து ஆன்றோரே, அரும்பெரும் பெரியோரே! மகன் ஆட வந்தால் மறக்காமல் என்னை ஏச வரும் தாய்மார்களே! இன்றோடு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும் பேஸ்பால் பெருவீரர், கேட்சர் எலிஹியோ பெகேரோ அவர்களே! அனைவருக்கும் அம்பயர் ருஃபீனோவின் பணிவான வணக்கம்.

யாரது பின்வரிசையில்? "யோவ் குருடா, மைக் எங்க இருக்குன்னாவது தெரியுதா?" என்கிறீர்களா? தெரிகிறது ஐயா, நன்றாகவே தெரிகிறது!

இருபத்திரண்டு ஆண்டுகள்! பதினேழு அணிகள்! மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க மெக்சிகோவின் வெயிலிலே குந்தினார், தைவானின் புழுக்கத்திலே குந்தினார், இத்தாலியின் குளிரிலே குந்தினார்! அயல்மொழி பேசும் நாட்டில் இறங்கியதும் இவர் முதலில் கற்ற சொல் எது? சோறு கேட்கக் கற்றாரா? வழி கேட்கக் கற்றாரா? இல்லை! பந்தெறியத் தயங்கும் பிட்சரிடம் சொல்வதற்காக, "பயப்படாதே" என்ற சொல்லைக் கற்றார்! அந்த வலக்கையைப் பாருங்கள். ஐந்து விரலும் ஐந்து பக்கம் பார்க்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இத்தனை ஆடியும் அமெரிக்கப் பெரிய லீக் மட்டும் இவரைக் கூப்பிடவில்லை. ஏன்? பதினொரு ஆண்டுகளாக என் நெஞ்சை அறுக்கும் கதை அது.

குளிர்கால லீக்கின் இறுதி ஆட்டம். பெரிய லீக்கின் ஆள் ஒருவர் எலிஹியோவைப் பார்க்கவென்றே வந்திருந்தார். எனக்கோ அதுதான் முதல் இறுதி ஆட்டம். எட்டாவது சுற்றில் மட்டையில் உரசிய பந்து என் முகமூடியில் இடித்தது. தலை சுற்றியது. சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு முன்னால் குந்தியிருந்த எலிஹியோ திரும்பாமலே கேட்டார்: "என்னண்ணே, எத்தன பிட்சர் தெரியுது?"

"ரெண்டுப்பா."

"சரி, நான் போய் ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டு வர்றேன். நீங்க மூச்சு வாங்கிக்கங்க."

அம்பயருக்கு அடிபட்டால், கேட்சர் ஒரு சாக்கு வைத்துப் பிட்சரிடம் மெல்ல நடந்து போவார். எங்களுக்குள் இருக்கும் மரியாதை அது. ஆனால் அப்படிப் போய்ப் பேச ஓர் ஆட்டத்தில் இத்தனை தடவைதான் என்று விதி உண்டு. அன்று அவருக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று! அதை எனக்காகச் செலவழித்தார்!

ஒன்பதாவது சுற்று. மூன்றாம் தளத்தில் எதிரணி ஆள். ஆட்டம் சமம். எலிஹியோ காட்டிய விரல் சைகையைப் பிட்சர் குழப்பிக்கொண்டு விழித்தார். போய்ச் சொல்ல வழியில்லை. வளைபந்துக்குக் காத்திருந்தவரிடம் வேகப்பந்து வந்தது. கையுறையைத் தட்டிக்கொண்டு ஓடியது. அதற்குள் மூன்றாம் தளத்து ஆள் ஓடி வந்து புள்ளி எடுத்துவிட்டார்; எலிஹியோவின் அணி தோற்றது. பார்க்க வந்தவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எலிஹியோவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்: "நடந்தத அவர்கிட்ட சொல்லிடறேன்ப்பா!"

"சும்மா இருங்கண்ணே. சொன்னா உங்க வேல போயிடும். பந்தப் பிடிக்கறது என் வேல. பிடிக்கல. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து இந்த ஊர் இவரை என்னவென்று அழைத்தது? ஓட்டைக் கையன்! சந்தையிலே, சாலையிலே, சொந்த மகளின் கல்யாணப் பந்தலிலே! ஒரு நாளாவது வாய் திறந்தாரா? திறக்கவில்லையே!

எலிஹியோ, கையைக் காட்டி என்னைத் தடுக்காதே. எனக்குக் கேட்கிறது, "உட்காருங்கண்ணே, போதும்" என்கிறாய். போதாது!

முப்பது ஆண்டுகளில் சொன்ன தீர்ப்பை ஒருமுறைகூட மாற்றாதவன் நான். இதோ, இந்த ஊரறிய மாற்றுகிறேன். அந்தப் பந்தைத் தவறவிட்டவன் எலிஹியோ பெகேரோ அல்ல. நான்!

எழுகிறீர்களா? எழுங்கள், எல்லோரும் எழுங்கள்! பதினொரு ஆண்டு தாமதமாக வந்த உண்மையைப் பொறுத்துக் கேட்டீர்கள். உங்களுக்கு நன்றி. எலிஹியோ, உனக்கு என் வணக்கம்.