பதினைந்து நாள் காப்பு

இஞ்சித் தேநீர் போடுவதில் எங்கள் தோட்டத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இஞ்சியைத் தோலோடு நசுக்க வேண்டும். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் தேயிலைத் தூள். மரண விசாரணையில் இதை ஏன் சொல்கிறான் என்று ஐயா நினைக்கலாம். ஜீவராஜ் கடைசியாகக் குடித்தது நான் போட்ட இஞ்சித் தேநீர். அதனால் சொன்னேன்.

என் பெயர் இராமையா. வட்டவளைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் முப்பது வருடமாகக் காமன் கூத்து நடத்துகிறேன். வேலைக்குப் போகும் பிள்ளைகள்தான் ஆடுவார்கள். மாசியில் கம்பம் ஊன்றி, சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிக்கிறவரை ஆட்டம் நடக்கும். எரிந்து கிடக்கும் காமன்மேல் விழுந்து ரதி ஒப்பாரி வைப்பாள். ஆடுகிறவர்களுக்கு நான்தான் காப்புக் கட்டுவேன். மணிக்கட்டில் ஒரு மஞ்சள் நூல். அது கையில் இருக்கிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எங்கள் எல்லை கீழே ஆற்றுப் பாலம். காப்புக் கட்டியவனைப் பெற்ற தாய் அந்தக் கரையில் நின்று கூப்பிட்டாலும், இந்தக் கரையில் நின்றுதான் பதில் சொல்வான்.

மூன்று வருடத்துக்கு முன் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய துரை பங்களா ஹோட்டலாக மாறியது. மேனேஜர் எங்கள் கூத்தைப் பார்த்துவிட்டு, கிறிஸ்மஸ் தொடங்கிப் பதினைந்து நாள் தினமும் மாலையில் புல்வெளியில் ஆடச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும் என்றார். பணத்தை என் கையில் கொடுப்பார். நான் பிரித்துக் கொடுப்பேன். சரிசமமாகப் பிரித்தேன் என்று சொல்லமாட்டேன். வேஷம் கட்டப் புல்வெட்டும் மெஷின் வைக்கும் கொட்டகை. மழை வந்தாலும் ஆட்டம் நிற்காது, ஏனென்றால் விருந்தாளிகளிடம் குடை இருந்தது. திரும்பி வரத் திறந்த லொறி.

ஆனால் நான் பிள்ளைகளைக் கவனிக்காமல் விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஃபிளாஸ்கில் தேநீர் கொண்டுபோவேன். குளிரில் இழுத்துக்கொண்ட கால்களுக்கு என் கையாலேயே தைலம் தேய்ப்பேன்.

மூன்றாவது வருடம் ஜீவராஜ் பேச்செடுத்தான். பகலில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவன், மாலையில் காமன். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"மாசியில ஒருக்கா எரியிறதுக்கே மூணு நாள் மேலுக்கு முடியாமப் போவுது மாஸ்டர். இங்க தெனமும் எரிக்கிறாங்க. காமனுக்கே அலுத்துப் போயிரும். துணி மாத்த ஒரு காஞ்ச அறை குடுக்கச் சொல்லுங்க. மழை பேஞ்சா ஆட்டம் இல்ல, ஆனா அன்னைக்குக் கூலி உண்டுன்னு பேசுங்க."

உடுப்புத் தைக்கும் வீரம்மா வாயில் கவ்விய ஊசியை எடுக்காமலே சொன்னாள்: "அட போப்பா. தேத்தண்ணிய ஊத்தி ஊத்தியே நம்ம மாஸ்டரு வேலைய முடிச்சிருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேனேஜரிடம் பேசுவதாகச் சொன்னேன். பேசவில்லை. என் மகன் லோஜனுக்கு அதே ஹோட்டல்காரர்களின் கொழும்பு அலுவலகத்தில் இருபத்தொன்பதாம் தேதி நேர்முகப் பரீட்சை. மேனேஜர் ஒரு வார்த்தை சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நேரத்தில் அறை வேண்டும், மழைக்கூலி வேண்டும் என்று போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

ஹட்டனில் ஒரு கல்யாண ஆட்டக்குழு ஜீவராஜையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறது என்று தெரிந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முந்திய நாள், லோஜன் உட்பட ஆடுகிற எட்டுப் பேருக்கும் காப்புக் கட்டினேன். மாசிக் கூத்துக்குத்தான் கட்டுவது வழக்கம். கோயிலில் பூசை வைத்துக் கொண்டுவந்த நூல் என்றேன். "சாமி காரியமா ஆயிருச்சு. இனிமே பேரம் பேசப்புடாது," என்றேன். ஜீவராஜ் நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதன் பிறகு அவன் அறையைப் பற்றிப் பேசவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி விடியற்காலையில் லோஜனின் காப்பை வெட்டினேன். மீசை வெட்டும் சின்னக் கத்தரிக்கோல். "ஒண்ணும் ஆகாதாப்பா?" என்று கேட்டான். ஒன்றும் ஆகாது என்றேன். நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போனான். மாலை ஆட்டத்துக்கு வேறு ஆளை வைத்து, அவனுக்குத் தலைவலி என்றேன். அடுத்த நாள் வந்ததும் வேறு நூல் கட்டினேன். எவருக்கும் தெரியாது. அவனுக்கு ஒன்றும் ஆகவும் இல்லை.

புத்தாண்டன்று ஜீவராஜுக்குக் காய்ச்சல். மறுநாள் மூச்சு வாங்கியது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தோட்டத்து டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு அவன் பெண்சாதி சுலக்ஷனா என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை.

"காப்ப அவுத்து விடுங்க மாமா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க அவுத்தாத்தான் பாலத்தத் தாண்டுவாராம்."

"நடுவுல அவுத்தா பிள்ளைக்கு ஆகாதும்மா," என்றேன். "பிள்ளைக்காரி நீ. யோசிச்சுப் பாரு."

நான் குரலை உயர்த்திப் பேசுகிறவன் இல்லை, ஐயா. அன்றும் மெதுவாகத்தான் சொன்னேன். அவள் முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள். லோஜன் உள் அறையில் இருந்தான். கேட்டிருப்பான்.

அவள் கையில் ஒரு போத்தல் மல்லித் தண்ணீரும் என் கம்பளிக் கோட்டும் கொடுத்து அனுப்பினேன்.

அன்று மாலை மழை. ஜீவராஜ் ஆட வந்தான். காமன் வேஷத்துக்கு மேலே கம்பளி போட முடியாது. அதனால் கோட்டை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஈரத்தில் எரிக்கிற காமன் பொம்மை பற்றவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தோம். ஜீவராஜ் புல்லில் விழுந்தான். ரதியின் ஒப்பாரி ஐந்து நிமிடம்தான். விருந்தாளிகள் படம் எடுத்துக்கொண்டே இருந்ததால், இன்னும் கொஞ்சம் என்று மேனேஜர் கை காட்டினார். தொடர்ந்து அடிக்கச் சொல்லி நான் தப்பு மேளக்காரர்களுக்குக் கை காட்டினேன். இருபது நிமிடம் அவன் ஈரத்தில் கிடந்தான். ரதி வேஷம் லோஜனுடையது. குனிந்து அவன் மார்பைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நான் பார்த்தேன். பார்க்காதது மாதிரி இருந்தேன். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பிள்ளைகள் அவனை லொறியில் தூக்கிப் போட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார்கள். நானும் ஏறிக்கொண்டேன். பாலத்தருகே வந்தபோது ஜீவராஜ் கண் திறந்தான். லொறிப் பலகையைப் பிடித்துக்கொண்டு, "காப்பு இருக்கு மாஸ்டர். தாண்டப்புடாது. பிள்ளைக்கு ஆகாது," என்றான். நான் சுலக்ஷனாவிடம் சொன்ன அதே வார்த்தை.

டிரைவர் லொறியை நிறுத்தினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கத்தரிக்கோல் என் வேஷப் பையில் இருந்தது. அது அங்கே இருப்பது லோஜனுக்கும் தெரியும். அங்கே வைத்து வெட்டினால், வெட்டலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். விடிந்தால் மற்ற இரண்டு பேரும் ஹட்டனுக்குப் போய்விடுவார்கள். இன்னும் ஆறு ஆட்டம் பாக்கி. லோஜனுக்குக் கடிதமும் வரவில்லை. இத்தனையும் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது, ஐயா. ஆறு ஓடுகிற சத்தம்கூட இப்போதும் நினைவிருக்கிறது.

"அவன் சொல்றது சரிதான்," என்றேன். "காலையில பூசை வச்சு அவுத்துருவோம்."

லொறி திரும்பியது. அவன் குடியிருந்த லயத்து அறையில் அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாகத் தேநீர் ஊட்டினேன். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

குளிப்பாட்டும்போது சுலக்ஷனா அவன் கையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். "இப்பவாச்சும் அவுத்து விடுங்க," என்றாள். மாமா என்று சொல்லவில்லை. வெட்டினேன். ஒரு நூலை வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்.

பெரிய தர்மம் எல்லோராலும் முடியாது, வேளைக்கு ஒரு சின்ன உதவி போதும் என்று கூத்துப் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். இன்றும் அதைத்தான் நம்புகிறேன். என்னிடம் கேட்டதும் அவ்வளவு சின்ன உதவிதான்.

லோஜனுக்கு வேலைக் கடிதம் வந்துவிட்டது. அவன் போகவில்லை. நான் போடும் தேநீரையும் குடிப்பதில்லை. காப்பு விஷயத்தை ஐயாவுக்குச் சொன்னது அவன்தான் என்று நினைக்கிறேன். அவன் செய்தது சரி. ஆனால் அவனுக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது.

அந்த நூலை நான் கோயிலுக்குக் கொண்டுபோகவே இல்லை. மழையாக இருந்தது. முஹ்ஸின் நானா கடையில் பார்சல் கட்டும் நூல் வாங்கி, அடுப்படியில் மஞ்சள் கரைத்து நனைத்தேன். அதில் சாமி இல்லை என்று பாலத்தில் நின்ற அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இவ்வளவுதான், ஐயா. கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள். சுலக்ஷனா வெளியே குளிரில் நிற்கிறாள். பையில் ஃபிளாஸ்க் இருக்கிறது. அவளுக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். நான் போட்டது என்று சொல்ல வேண்டாம்.