உள்ளே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு

தளர்ந்த பின்னலாடைத் தொழிலைத் தாங்கி, சிறு உற்பத்தியாளர் சங்கத்தைத் தலைநிமிர வைத்திருக்கும் தலைவர் ஈஸ்வரமூர்த்தி ஐயா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோரே! ஆயிரமாவது இணைய ஆர்டரை அனுப்பிவிட்டு அமைதியாக அமர்ந்திருக்கும் விழா நாயகி விஜயராணி அவர்களே! ஷிப்ட் முடிந்த கையோடு, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டிவிடாமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, தங்கைகளே! உங்கள் எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

மேடைக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். எதையும் எளிதில் நம்பாதவள். சென்ற ஆண்டு விஜயராணி என்னைத் தேடி வந்தார். ஏற்றுமதி ஆர்டர் ஒன்று கடைசி நேரத்தில் ரத்தாகி, எண்ணாயிரம் குழந்தை உடுப்புகள் பெட்டி பெட்டியாக அவருடைய கம்பெனியில் அடைந்து கிடந்தன.

"இது விக்கலன்னா பன்னெண்டு மிஷினையும் கொடுத்துட்டு, மறுபடியும் துணி செக்கிங் வேலைக்கே போகணும் டீச்சர். வெப்சைட்டுல விக்கலாம்னு சொல்லுதாங்க. நீங்க செஞ்சு தாங்க."

நான் நம்பினேனா? நம்பவில்லை. நம் தலைவராவது நம்பினாரா? "துணியத் தொட்டுப் பாக்காம எவனுங்க காசு குடுப்பான்?" என்று கேட்டவர்தான் அவர். இப்போது சிரிக்கிறார், பாருங்கள்!

ஆனாலும் இறங்கினேன். தளத்தில் படம் போடுவது எளிது. பணம் வாங்குவது அரிது. அதற்குப் பேமெண்ட் கேட்வே வேண்டும். வாங்குபவரை நம் தளத்திலிருந்து அழைத்துப்போய், அவருடைய அட்டையிலிருந்து பணம் எடுத்து, மறுபடி நம்மிடமே கொண்டுவந்து விடுகிற ஏற்பாடு அது. விண்ணப்பம் போட்டால், கம்பெனிப் பெயர்ப் பலகையின் புகைப்படம் கேட்டார்கள். இவர்களிடம் பலகையே கிடையாது! பெயிண்டரைப் பிடித்து எழுத வைத்து, ஈரம் காயுமுன் படமெடுத்து அனுப்பினோம். 'விற்றதைத் திரும்பப் பெறுவோம்' என்று தளத்தில் எழுதச் சொன்னார்கள். எழுதும்போது விஜயராணியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! மூன்று வாரம் முயன்று, முட்டி, மோதி, கேட்வேயைத் தளத்தோடு இணைத்தேன். இணைத்தவள் நான். இதை நினைவில் வையுங்கள்.

தளம் திறந்த மூன்றாம் நாள், பெங்களூரிலிருந்து முந்நூறு செட்டுக்கு ஆர்டர்! 'பணம் செலுத்தப்பட்டது' என்று திரை சொன்னது. கம்பெனி முழுக்க மைசூர்பாகு. பெட்டிகள் கட்டி, கூரியர் வண்டியில் ஏற்றி, வண்டி வாசலுக்கு வந்தது. வாசலில் இருந்தவர் வாட்ச்மேன் இசக்கிமுத்து. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"ரூவா வந்துட்டா தாயி?"

"வந்துட்டு அண்ணாச்சி. கம்ப்யூட்டர்லயே போட்டிருக்கு."

"கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னா?"

விஜயராணி என்னைப் பார்த்தார். நான் பொறுமையாக விளக்கினேன். பணம் கட்டியதும், 'கட்டியாயிற்று' என்ற செய்தியோடு கேட்வே அவரை நம் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும் என்றேன்.

"அப்பம் ரூவா கட்டுன சீட்டு, வாங்குதவரு கையிலதான் வருது?"

"ஒரு வகையில் ஆமாம்."

"டெம்போக்காரன் கையில சீட்டு வச்சிருந்தாலும், ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் நான் கேட்டைத் திறக்கேன். சீட்டு கொண்டாறவனே சீட்டுக்குச் சாட்சியா டீச்சர்?"

அவையோரே, முதுகலை படித்தவள் நான். முப்பது பேருக்குப் பாடம் சொல்பவள் நான். எனக்குக் கோபம் வந்தது. அவருடைய ஐயத்தை அடக்கிவிடலாம் என்றே கேட்வே நிறுவனத்துக்குப் போன் போட்டேன். ஆர்டர் எண்ணைச் சொன்னேன். அங்கிருந்த பெண் தேடினார். பிறகு சொன்னார்: "மேடம், இந்த எண்ணுக்குப் பணம் எதுவும் வரவில்லை."

கேட்வேயிலிருந்து நம் பக்கத்துக்குத் திரும்பும் வழியில், திரையின் மேலே விலாசம் தெரியும் கட்டத்தில், 'இல்லை' என்று பொருள்படும் N-ஐ 'ஆம்' என்று பொருள்படும் Y ஆக யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஒரே ஒரு எழுத்து! என் நிரல் அதை அப்படியே நம்பிவிட்டது.

என்னங்க தலைவர் ஐயா? தப்பு யார் பேரில் என்றா கேட்கிறீர்கள்? என் பேரில்தானுங்க! கைதட்ட வேண்டாம், அது அவ்வளவு பெருமையில்லை.

வண்டியிலிருந்து பெட்டிகள் இறங்கின. தளத்தை நான்கு நாள் மூடினேன். நிரலைத் திருத்தினேன். இப்போது வாங்குபவர் என்ன செய்தியோடு வந்தாலும், வராமலே போனாலும், நம் கணினி கேட்வேயிடம் தனி வழியில் தானே போய்க் கேட்கும். இந்த எண்ணுக்குப் பணம் வந்ததா? எவ்வளவு வந்தது? இரண்டும் சரியாக இருந்தால்தான் பெட்டி கட்டும் சீட்டே அச்சாகும்.

இந்தக் கேள்வி திருடரை மட்டும்தான் தடுத்ததா? இல்லை! அடுத்த மாதம் மூலனூரிலிருந்து ரோஸ்மேரி என்றொரு தாய், பேத்திக்கு உடுப்பு வாங்கப் பணம் கட்டினார். கட்டிய நொடியில் கரண்ட் போயிற்று. திரை அணைந்தது, செய்தி வழியிலேயே நின்றது. மறுநாள் அழுத குரலில் போன் செய்தார்: "பணம் போயிருச்சுங்க, துணி வருமுங்களா?" விஜயராணி சொன்னார்: "உங்க பார்சல் காலையிலேயே கிளம்பிருச்சும்மா!"

எப்படிக் கிளம்பியது? அதே கேள்வியால் கிளம்பியது. கேட்டதால் பொய் வாசலில் நின்றது. கேட்டதால் மெய் வாசலைக் கடந்தது. ஐயம் அவமதிப்பு என்று யார் சொன்னது? ஏய்ப்பவரைத் தடுப்பதும் அதுதான். ஏழை கட்டிய பணத்தை எடுத்துச் சொல்வதும் அதுதான். எண்ணாயிரமும் விற்றுத் தீர்ந்தன. பன்னிரண்டு இயந்திரங்கள் இன்று பதினெட்டாக ஓடுகின்றன!

சரி, தாமதத்துக்கு வருகிறேன். இந்த மண்டபத்து வாசலில் இன்று நிற்பவரும் இசக்கிமுத்துதான். அழைப்பிதழை வீட்டில் மறந்துவிட்டு வந்தேன். "நான்தான் பேச்சாளர்" என்றேன்.

"அதை நீங்களே சொன்னா எப்பிடி டீச்சர்?" என்றவர், உள்ளே போன் போட்டுக் கேட்ட பிறகே கதவைத் திறந்தார்.

என் வாழ்நாளில் இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை நிறுத்தியதில்லை. அவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்!