அழிக்க வேண்டாம் என்ற பகுதி

சிங்கப்பூரில் ஈசூன் நோக்கிச் சென்ற ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெண்மணி, மடியிலிருந்த பழைய லேப்டாப்பில் கைவைத்தபடி, "அந்த ஒரு பகுதிய மட்டும் அழிக்காதீங்க தம்பி" என்றார். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத்தர ஒப்புக்கொண்டிருந்த இளைஞர் அவர் பக்கத்தில் இருந்தார். பேச்சிலிருந்து, சர்ச்சில் பழக்கமானவர்கள் என்று தெரிந்தது.

"அது ரிக்கவரி பார்ட்டிஷன்க்கா. பழைய விண்டோஸைத் திரும்பப் போடத்தான். இனி சும்மா இடத்த அடைச்சிக்கிட்டுக் கிடக்கும் லா."

"திரும்பப் போட்டா எப்படி வரும்?"

"வாங்குன அன்னிக்கு இருந்த மாதிரியே வரும்."

"எங்க வீட்டுக்காரர் தவறிப்போறதுக்கு முந்தின வருஷம் வாங்கினோம். அவர்தான் முதல்ல ஆன் பண்ணாரு. திரையில 'ஹாய்'னு வந்துச்சு. அவரும் சத்தமா 'ஹாய்'னாரு. நான் சிரிச்சிட்டேன்."

"அக்கா, அண்ணனோட போட்டோ எதுவும் அதுல இருக்காது. அதெல்லாம் தனியா காப்பி எடுத்துட்டேன்."

"தெரியும் தம்பி. ஆனா அந்த 'ஹாய்' வருமில்ல?"

"வரும்க்கா."

அதற்குப் பிறகு ஒரு நிலையம் கடந்தது.

"அழிக்கலக்கா. மிச்ச இடத்துலயே லினக்ஸ் போட்டுடலாம்" என்றார் அவர்.

பெண்மணி தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.