வாசலில் மாட்டிய முருகன்

பொதுமக்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவித்தல். கஹவத்தைப் பாதையிலுள்ள எங்கள் பஜாரின் சமாதானக் குழுத் தலைவர், சாமிப்படக் கடை நடராஜா ஆகிய எனக்கு, வரும் ஞாயிறு பொன்னாடை போர்த்துகிறார்கள். மைக் இரண்டு, ஒன்று வேலை செய்யும்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு பகல், முஸ்லிம் கடைகளை எரிக்க லொறியில் ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. வெளியூர் ஆட்கள். அவர்களுக்கு என் கடைக்கும் பக்கத்து நுஹ்மானின் துணிக்கடைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே பஜாரே வாசலில் சாமிப்படம் மாட்டியது. அன்று வியாபாரம் மோசமில்லை.

பெயர்ப்பலகையை இறக்கிவிட்டு நுஹ்மானும் வந்தார்.

"அண்ணே, எனக்கும் ஒரு முருகன் தாங்க. லதீபாவையும் புள்ளைகளையும் பலாங்கொடைக்கு அனுப்பிட்டேன். நான் உள்ள இருக்கேன், வெளியால பூட்டிடுங்க."

"என்ன நுஹ்மான் நானா, உங்களுக்கு முருகனா?"

"இன்னைக்கு ஒரு நாளைக்கு அவர் நம்ம ஆள்தானே." சிரித்தார்.

நானே மாட்டினேன். நானே பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில்.

வந்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். என்னை 'முதலாளி' என்றே அழைத்தார்கள். இங்கே ஒரு முஸ்லிம் கடை இருக்கிறது, எது என்று சொல்லாவிட்டால் வரிசையையே கொளுத்துவோம் என்றார்கள். நான் சொல்லவில்லை. விரலும் நீட்டவில்லை. இதைக் கவனத்தில் கொள்ளவும். நெருப்பில் சாமி வேகக்கூடாதே என்றுதான் பட்டது. போய் நுஹ்மான் வாசலில் இருந்த படத்தைக் கழற்றி, தூசி தட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து "அண்ணே, அண்ணே" என்று கதவைத் தட்டினார். சாவியைத் தேடினேன் என்று சொல்ல ஆசைதான். இருக்கிற இடம் தெரிந்த பொருளை யாரும் தேடுவதில்லை.

நுஹ்மானை அடக்கம் செய்தபின் லதீபா பொலிசுக்குப் போனபோது, சிங்களத்தில் எடுத்துச் சொல்ல என்னையே கூப்பிட்டார்.

"படம் மாட்டியாச்சு, பயப்படாதேன்னு போன்ல சொன்னாரு அண்ணே. அதைக் கழட்டினது யாருன்னு கேளுங்க. எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

இவருக்கு யார்மேலும் சந்தேகமில்லையாம் என்று சார்ஜன்டிடம் சொன்னேன்.

"விசாரிப்பாங்கம்மா" என்று லதீபாவிடம் சொன்னேன்.

வருஷா வருஷம் அவர் பொலிசுக்குப் போகிறார். நானும் கூடவே போய் அதையே சொல்கிறேன். நீதிக்காக இப்படி அலைகிற மனிதர் உண்டா என்று ஊர் நெகிழ்ந்துதான் என்னைத் தலைவராக்கியது. பொன்னாடை போர்த்தப் போவதும் லதீபாதான்.

இதையெல்லாம் ஏற்புரையில் சொல்லத்தான் எழுதினேன். மூன்று நிமிஷம்தானாம். நன்றி மட்டும் சொல்வேன்.

அந்தப் படம் அடுத்த வெள்ளிக்கிழமையே விற்றுப்போனது.