இரண்டாவது பிரேக்

— கிளட்ச்சை ஏன்டா அப்படி உதறுற? காலை மெதுவா எடு. பொறுமை, பொறுமை.

— எடுத்தேனேப்பா! நீங்கதான் உங்க பக்கத்து பிரேக்கை மிதிச்சீங்க.

— மிதிக்கலேன்னா இந்நேரம் அந்தக் குப்பைத்தொட்டியைக் கட்டிப் பிடிச்சிருப்ப. ம், ஸ்டார்ட் பண்ணு. கண்ணாடியைப் பாரு, நேரா போ. இப்ப ஒண்ணு கேக்கப் போறேன். என் பக்கம் திரும்பக் கூடாது.

— என்னப்பா பீடிகை பலமா இருக்கு?

— டிரைவிங் ஸ்கூல் நடத்துறவனுக்கு ஒரு விஷயம் தெரியும்டா. எதிர்ல உக்கார வெச்சு மூஞ்சியைப் பார்த்துக் கேட்டா எவனும் உண்மை பேச மாட்டான். ஸ்டியரிங்கைக் கையில குடுத்து ரோட்டைப் பாக்கச் சொல்லு, கேக்காமலே கொட்டுவான். பேங்க் மேனேஜரம்மா ஒருத்தங்க, ரிவர்ஸ் எடுக்கும்போது, புருஷனைப் பிடிக்கவே இல்லைன்னு சொல்லி விக்கி விக்கி அழுதாங்க.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, ரிவர்ஸ் அழகா வந்துச்சு. சரி, விஷயத்துக்கு வர்றேன். உன் ஸ்கூல் பையில ஏழு கலர்ல ஒரு பேட்ஜ் குத்தியிருக்கியே.

— அது... வந்து...

— வண்டி ஏன் அலையுது? நேரா பிடி. திட்டப் போறதில்ல. நானே தேடித் தேடிப் படிச்சேன். ஒரு பையனுக்கு இன்னொரு பையனைப் பிடிச்சா அது நோயும் இல்ல, கெட்ட சகவாசமும் இல்ல. நான் உன் பக்கம்தான். தினம் உன்கூட கேட் வரைக்கும் வர்றானே, அந்த ஒட்டடைக்குச்சிப் பையன், அவன் வீட்டுக்கு வந்தா நானே டீ போட்டுத் தர்றேன்.

— ஒட்டடைக்குச்சியா! ஐயோ அப்பா, அவன் பக்கத்துல உக்காந்தாலே சாக்ஸ் நாத்தம் தாங்காது!

— அன்புன்னு வந்துட்டா நாத்தம் தெரியாதுடா.

— நான் வண்டியை நிறுத்துறேன்.

— நிறுத்தாதே! இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் திரும்பு. கண்ணாடி முன்னால ஒத்திகை பார்த்துட்டு வந்திருக்கேன், இன்னும் பாதி பாக்கி இருக்கு.

— அப்பா, சத்தியம் பண்ணுங்க. நான் ஒண்ணு சொல்றேன், வெளியில விடக் கூடாது. அத்தைகிட்டகூட.

— உயிரே போனாலும் சொல்ல மாட்டேன். தைரியமா சொல்லு.

— எனக்கு... பொண்ணுங்களைத்தான் பிடிக்கும்.

— என்னது?

— பிரேக்கை விடுங்கப்பா! பின்னாடி ஹார்ன் அடிக்கிறான்!

— போ, போ. ஓரமாப் போ. அப்ப அந்த பேட்ஜ்?

— நீங்க சொன்ன மாதிரி பசங்களுக்காக ஸ்கூல்ல வானவில் மன்றம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுல தலைவி இருக்கா, சுருட்டை முடி. பேச ஆரம்பிச்சா ஹெட்மாஸ்டரே வாயடைச்சு நிப்பாரு. அவளைப் பாக்கத்தான் போனேன். உள்ளே நுழைஞ்சதும் நானும் அப்படித்தான்னு நினைச்சு மொத்தப் பேரும் எழுந்து நின்னு, 'என்ன தைரியம்!'னு கை தட்டிட்டாங்க. பேட்ஜைக் குத்திவிட்டு, கேக் வேற வெட்டினாங்க. வாய் நிறைய கேக்கை வெச்சுக்கிட்டு நான் எப்படி இல்லைங்கறது?

— மறுநாள் சொல்லியிருக்கலாமே?

— அதுக்கு முன்னாடி என்னை யாரும் சாப்பிடக்கூடக் கூப்பிட்டதில்லப்பா. தண்ணிக் குழாய் பக்கத்துல தனியா நின்னு சாப்பிடுவேன். இப்ப மேஜையில இடம் பிடிச்சு வெக்கிறாங்க.

— என்கிட்ட நீ சொன்னதே இல்லையே.

— என்னன்னு சொல்றது? அதை விடுங்க. நீங்க சொன்ன அந்த ஒல்லிப் பையனும் அங்கதான் இருக்கான். அவன் நிஜமாவே அப்படி. 'நீயும் என்னை மாதிரின்னு தெரிஞ்சதும் எனக்குப் பயமே போச்சு'ன்னான். அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே வரல.

— தலைவி என்ன சொல்றா?

— என் தோள்ல சாஞ்சு எவனையோ நினைச்சு அழறா. 'உன்கிட்ட மட்டும்தான் மனசு விட்டுப் பேச முடியுது'ங்கறா. சிரிக்காதீங்க.

— சிரிக்கலடா.

— அத்தைக்குத் தெரிஞ்சா உங்களுக்குப் பொண்ணு பாக்கறதை விட்டுட்டு எனக்குப் பாக்கக் கிளம்பிடும். ஆமா, போன வாரம் வந்த டீச்சரம்மா நல்லாத்தானே இருந்தாங்க? ஏன் வேணாம்னீங்க?

— கார் கதவை ஓங்கிச் சாத்துறாங்க.

— அதுக்கு முன்னாடி வந்தவங்களுக்குக் குரல் பெருசு. அதுக்கும் முன்னாடி வந்தவங்க ரொம்ப அமைதி. அம்மா பிரிஞ்சு போனதுலேருந்து உங்களுக்கு ஒருத்தரையும் பிடிக்கல.

— பேச்சைக் குறை. ரோட்டைப் பாரு.

— என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு? இவ்வளவு கேட்டதும் நிம்மதியாத்தானே இருக்கணும்?

— நிம்மதிதான்.

— மூஞ்சி அப்படிச் சொல்லலையே.

— என் பக்கம் திரும்பாதேன்னு சொன்னேன் இல்ல? அந்த ஒல்லிப் பையன்... என்ன சொன்னான்னே?

— எது? பயம் போச்சுன்னானே, அதுவா?

— ம். அந்த பேட்ஜைப் பார்த்ததுலேருந்து எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இந்த வீட்ல நான் ஒருத்தன் மட்டும் இல்லைன்னு... ஏன்டா ஓரம் கட்டுற? இங்க நிறுத்தக் கூடாது.

— இறங்குங்கப்பா. இடம் மாறிக்கலாம்.

— எதுக்கு?

— நீங்க ஓட்டுங்க. ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொல்லுங்க. நான் பிரேக்கைத் தொட மாட்டேன்.